110 அமினோ அமிலம் கூடுதலாக இருந்தால்: எஸ்எச்சி1 மரபணு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

செல்களை உடைத்து, புரதங்களை ஜெல்லில் ஓட்டி, எஸ்எச்சி1 மரபணுவின் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைப் போட்டுப் பார்த்தால் பிளாட்டில் (புரதங்களை எடைப்படி பிரித்துக் காட்டும் படத்தில்) மூன்று பட்டைகள் தெரியும். கீழே 46, சற்று மேலே 52, இன்னும் மேலே 66 கிலோடால்டன். முதன்முறை பார்ப்பவர் ஆன்டிபாடி சரியில்லை என்று நினைப்பார். இல்லாவிட்டால், செல்லை உடைக்கும்போது புரதம் அறுபட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுவார். இரண்டும் இல்லை. மூன்றும் முழுப் புரதங்கள். ஒன்று இன்னொன்றின் சிதைவு அல்ல.

ஆய்வகப் பேச்சில் இவற்றை 'ஷிக்' என்பார்கள். எடையை வைத்து பி46, பி52, பி66 என்று பிரித்துச் சொல்வார்கள். 1992இல் ஜூலியானா பெலிச்சியும் உடன் உழைத்தவர்களும் இந்த மரபணுவை முதலில் விவரித்தபோது, வளர்ச்சிச் செய்தியைக் கடத்தும் புரதம் என்றே அறிமுகப்படுத்தினார்கள். எலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் (இணைப்புத் திசுச் செல்களில்) அதை அளவுக்கு மீறி உண்டாக்கினால் அந்தச் செல்கள் புற்றுத்தன்மை அடைந்தன. ஏழு ஆண்டு கழித்து, 1999இல், அதே மரபணுவைப் பற்றி முற்றிலும் வேறொரு செய்தி வந்தது. அதன் ஒரு வடிவம் மட்டும் இல்லாத சுண்டெலிகள் மற்றவற்றைவிட அதிக நாள் வாழ்கின்றன என்றது அது. வளர்ச்சியைத் தூண்டும் மரபணுவா, ஆயுளைக் குறைக்கும் மரபணுவா? கேள்வியே தப்பு என்பதுதான் என் கட்சி. வேலை செய்வது மரபணு அல்ல, அதிலிருந்து வரும் வடிவம். எந்த வடிவம் என்று சொல்லாமல் "ஷிக் இதைச் செய்கிறது" என்று எழுதப்பட்ட வாக்கியம் பாதி வாக்கியம்தான்.

ஒரே மரபணுவின் வடிவங்கள் எதிரெதிராக வேலை செய்வதற்குப் பாடப்புத்தகங்கள் வழக்கமாகக் காட்டுவது பிசிஎல்-எக்ஸ் மரபணுவை. அதன் நீண்ட வடிவம் செல்லைச் சாவிலிருந்து காக்கும், குறுகியது சாவை நோக்கித் தள்ளும். அழகான உதாரணம்தான், ஆனால் அழகு கொஞ்சம் கூடுதல். நிஜத்தில் கைக்கு வரும் மரபணுக்கள் பெரும்பாலும் ஷிக் மாதிரி இருக்கும். பாதி தெளிவு, பாதி இடியாப்பச் சிக்கல். அதனால்தான் இதை எடுத்தேன்.

மூன்றும் எப்படி வருகின்றன

மனிதரில் இந்த மரபணு 1ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு புரொமோட்டர்கள், அதாவது படியெடுப்பு தொடங்கும் இடங்கள். ஒன்றிலிருந்து படியெடுக்கப்படும் எம்ஆர்என்ஏ (மரபணுவின் நகல்) பி66 புரதத்தைத் தருகிறது. மற்றதிலிருந்து வருவது பி52, பி46 இரண்டையும் தருகிறது. ஒரே எம்ஆர்என்ஏ எப்படி இரண்டு புரதம் தரும் என்று கேட்கலாம். புரதத்தைக் கட்டும் ரைபோசோம் எம்ஆர்என்ஏயின் முன்முனையிலிருந்து நகர்ந்தபடியே, 'இங்கே தொடங்கு' என்று பொருள்படும் ஏயூஜி மூன்றெழுத்தைத் தேடுகிறது. சில ரைபோசோம்கள் முதலில் எதிர்ப்படும் ஏயூஜியில் தொடங்கிவிடுகின்றன, அப்போது பி52. சில அதைத் தாண்டிப் போய் அடுத்ததில் தொடங்குகின்றன, அப்போது பி46. ஆக, மூன்று வடிவங்களுக்கு இரண்டு வேறு வேறு பிறப்பு வழிகள். பி66 வருமா வராதா என்பது படியெடுக்கும் கட்டத்தில் முடிவாகிறது. பி52, பி46 எவ்வளவு எவ்வளவு என்பது புரதமாக்கும் கட்டத்தில் முடிவாகிறது.

இந்த வித்தியாசம் முக்கியம். பி66இன் புரொமோட்டரை மட்டும் செல் மெத்தில் குழுக்களைப் போட்டுப் பூட்டிவிட முடியும். பல இரத்தச் செல் வரிசைகளில் பி66 காணக் கிடைக்காததற்கு இந்தப் பூட்டுதான் காரணம். பி52, பி46 இரண்டும் அநேகமாக எல்லாத் திசுக்களிலும் இருக்கும்.

அளவைப் பார்த்தால், பி66க்கு 583 அமினோ அமிலங்கள், பி52க்கு 473, பி46க்கு 428. பின்முனையிலிருந்து எண்ணினால் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. வேறுபாடு முன்முனையில் மட்டும். பி66 தன் தலையில் 110 அமினோ அமிலம் கூடுதலாகச் சுமக்கிறது. இந்தக் கூடுதல் பகுதிக்கு சிஎச்2 என்று பெயர். கொலாஜன் மாதிரி கிளைசினும் புரோலினும் நிறைய உள்ள பகுதி என்பதால் அந்தப் பெயர். மற்றபடி கொலாஜனோடு எந்த உறவும் இல்லை. கட்டுரைகளைப் படிக்கும்போது எண்களில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒரு கட்டுரையில் டைரோசின் 239 (239ஆம் இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம்) என்று இருப்பதும் இன்னொன்றில் டைரோசின் 349 என்று இருப்பதும் ஒரே இடம்தான். முதலாவது பி52 கணக்கு, இரண்டாவது பி66 கணக்கு. இது தெரியாமல் இரண்டு தனி இடங்கள் என்று பட்டியல் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வளர்ச்சிச் செய்தியில் யார் பக்கம் யார்

ஷிக் நொதி அல்ல. எதையும் வெட்டாது, ஒட்டாது. அது இணைப்புப் புரதம். ஒரு பக்கம் ஏற்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு பக்கம் அடுத்த புரதத்துக்கு இடம் கொடுக்கும். ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி செல்லுக்கு வெளியே தன் ஏற்பியில் வந்து உட்கார்ந்ததும், ஏற்பிகள் ஜோடி சேர்ந்து ஒன்றின் வாலில் இன்னொன்று பாஸ்பேட்டை ஒட்டுகின்றன. அந்தப் பாஸ்பேட் ஒட்டிய டைரோசினை ஷிக்கின் பிடிபி, எஸ்எச்2 ஆகிய இரண்டு பகுதிகளும் அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் ஏற்பி ஷிக்கின் நடுப்பகுதியில் உள்ள டைரோசின்களிலும் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. பி52 கணக்கில் அவை 239, 240, 317. அந்த இடங்களில் கிராப்2 என்ற சிறிய புரதம் வந்து சேரும். கிராப்2 தன்னோடு எஸ்ஓஎஸ் புரதத்தைக் கூட்டி வரும். எஸ்ஓஎஸ் சவ்வில் உள்ள ராஸை இயக்கும். அதன்பின் ராஃப், மெக், இஆர்கே என்று கைனேஸ் (பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) வரிசை ஓடி, செல்லின் உட்கருவுக்குள் ஃபாஸ் போன்ற மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். செல் பிரியத் தயாராகும்.

இதில் பி52இன் பங்கு ஒரே தடவை சுவிட்சைத் தட்டிவிடுவதோடு முடிவதில்லை. 2013இல் டோனி பாசனின் குழு, ஈஜிஎஃப் கொடுத்த பிறகு நிமிடத்துக்கு நிமிடம் ஷிக்கோடு யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று அளந்து பார்த்தது. முதல் அலையில் கிராப்2 போன்ற வளர்ச்சிக் கூட்டாளிகள். பிறகு அவர்கள் விலகி, செல்லின் எலும்புக்கூட்டையும் நகர்வையும் பார்த்துக்கொள்ளும் வேறு புரதங்கள், பாஸ்பேட்டைக் கழற்றிச் செய்தியை அணைக்கும் பாஸ்பட்டேஸ்கள். ஒரே மேடை, நேரத்துக்கு நேரம் வேறு ஆட்கள்.

சரி, பி66க்கும் அதே பிடிபி, அதே எஸ்எச்2, அதே டைரோசின்கள். ஈஜிஎஃப் கொடுத்தால் அதிலும் பாஸ்பேட் ஏறுகிறது. ஏற்பியையும் பிடிக்கிறது, கிராப்2ஐயும் பிடிக்கிறது. காகிதத்தில் பார்த்தால் பி52க்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கவே கூடாது.

1997இல் என்ரிகா மில்லியாச்சியோவும் சகாக்களும் வெளியிட்ட முடிவு இங்கேதான் திருப்பம். பி52, பி46 இரண்டும் எலி ஃபைப்ரோபிளாஸ்ட்களைப் புற்றுத்தன்மைக்கு மாற்றின, பி66 மாற்றவில்லை. பி66ஐ அதிகமாக உண்டாக்கினால் இஆர்கே செயல்பாடு கூடவில்லை. அதற்கு மேல், ஃபாஸ் மரபணுவின் புரொமோட்டர் அடக்கவும்பட்டது. பிடிக்க வேண்டியவை அத்தனையையும் பிடித்துக்கொண்டு செய்தியை மட்டும் மேலே அனுப்பாத ஆள் பி66.

இதற்கு எளிய விளக்கம் பங்கு பிரிப்பு. செல்லில் கிராப்2 அளவோடுதான் இருக்கிறது. பி66 அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொண்டால் பி52க்குக் கிடைப்பது குறையும். இது உண்மையின் ஒரு பகுதி. இன்னொரு பகுதி சிஎச்2இல் இருக்கிறது. அங்கே உள்ள செரின் என்ற அமினோ அமிலங்களிலும் பாஸ்பேட் ஏறுகிறது, குறிப்பாக 36ஆம் இடத்துச் செரினில். பி52க்கும் பி46க்கும் அந்த இடமே கிடையாது. ஆகவே வளர்ச்சிக் காரணியின் டைரோசின் மொழியை மூன்று வடிவங்களும் கேட்கின்றன. அழுத்தத்தின் செரின் மொழியைச் சிஎச்2 வழியாகக் கேட்பது பி66 மட்டும். கூடுதல் 110 அமினோ அமிலத்தின் பெறுமதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பி66இன் இரண்டாவது வேலை

செல்லின் மேல் புற ஊதாக் கதிர் பட்டாலோ ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்ந்தாலோ, பிகேசி-பீட்டா என்ற கைனேஸ் பி66இன் செரின் 36இல் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அந்தப் பாஸ்பேட்டை அடையாளம் காணும் பின்1 என்ற நொதி, பக்கத்திலுள்ள புரோலின் பிணைப்பைத் திருப்பிப் புரதத்தின் வடிவத்தை மாற்றுகிறது. வடிவம் மாறிய பி66, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்ச் சேர்கிறது. இந்தத் தொடரை 2007இல் பின்டனும் சகாக்களும் காட்டினார்கள்.

அங்கே போய் என்ன செய்கிறது என்பது 2005இலேயே தெரிந்திருந்தது. மார்கோ ஜார்ஜியோவின் கட்டுரை இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளுக்கும் நடுவில் சைட்டோகுரோம் சி என்ற சிறிய புரதம் எலக்ட்ரான்களைச் சுமந்து ஒரு கூட்டமைப்பிலிருந்து அடுத்ததற்குக் கொண்டு போகிறது. நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் தண்ணீராக மாறுவது அந்தப் பயணத்தின் முடிவில்தான். பி66 நடுவழியில் சைட்டோகுரோம் சியிடமிருந்து எலக்ட்ரானை வாங்கி ஆக்சிஜனுக்கு நேரடியாகக் கொடுத்துவிடுகிறது. விளைவு தண்ணீர் அல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. அது போதுமான அளவு சேர்ந்தால் மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வுத் துளை திறந்துகொள்கிறது, சைட்டோகுரோம் சி வெளியே கசிகிறது, செல் தற்கொலைப் பாதையில் இறங்குகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றத் துகள்கள் இங்கே சுவாசத்தின் தற்செயலான கழிவாக வரவில்லை. ஒரு புரதம் அதற்கென்றே எலக்ட்ரானைத் திருப்பிவிடுகிறது. செல் வேண்டுமென்றே உண்டாக்கும் செய்தி அது. ஏற்பிக்குக் கீழே நின்று இணைப்பு வேலை பார்க்கும் குடும்பத்தின் ஒரு பிள்ளை, தலையில் கொஞ்சம் கூடுதல் சதை இருப்பதால், எலக்ட்ரான் கடத்தும் வேதியியலே செய்கிறது என்றால் முதலில் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

டிஎன்ஏ சேதத்தைக் கண்காணிக்கும் பி53 புரதமும் இதில் பங்கு கொள்கிறது. அழுத்தத்தில் பி53 இயங்கும்போது பி66இன் அளவு கூடுகிறது. பி66 இல்லாத செல்களில் பி53ஆல் ஆக்சிஜனேற்றத் துகள்களைப் பெருக்கவும் முடியவில்லை, செல்லைச் சாவுக்கு அனுப்பவும் முடியவில்லை. 1999 கட்டுரையில் இருந்த ஒரு சோதனையையும் இங்கே சொல்ல வேண்டும். பி66 நீக்கப்பட்ட செல்களில் சாதாரண பி66ஐத் திரும்பச் சேர்த்தால் அழுத்தத்துக்கான பதில் பழையபடி வந்தது. செரினில் பாஸ்பேட் ஏற முடியாதபடி மாற்றிய பி66ஐச் சேர்த்தால் வரவில்லை. புரதத்தின் வெறும் இருப்பு போதாது, அந்தச் செரின் வேண்டும்.

நீண்ட நாள் வாழ்ந்த எலிகள்

மரபணுவை முழுவதுமாக நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கு விடை 2000இல் கிடைத்தது. மூன்று வடிவங்களும் இல்லாத எலிக் கருக்கள் இதயமும் இரத்தக் குழாய்களும் சரியாக உருவாகாமல் 11.5ஆம் நாள் வாக்கில் இறந்தன. பி66ஐ மட்டும் நீக்கினால் எலி பிறக்கிறது, நன்றாக வளர்கிறது, பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் ஆக்சிஜனேற்ற நஞ்சைக்கூட மற்ற எலிகளைவிட நன்றாகத் தாங்குகிறது. ஒரே மரபணுவில் எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் கருவிலேயே சாவு, மறுபக்கம் 30% கூடுதல் ஆயுள். 1999இல் மில்லியாச்சியோ குழு சொன்னது அந்த 30%தான். 'ஆயுள் மரபணு' என்ற பெயரும் உடனே ஒட்டிக்கொண்டது.

தொடர்ந்து வந்த முடிவுகளும் அந்தப் பெயருக்கு வலுச் சேர்த்தன. 2003இல் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்த சோதனையில், பெருந்தமனியின் தொடக்ககாலக் கொழுப்புப் படிவுப் பரப்பு சாதாரண எலிகளில் சுமார் 21% கூடியது. பி66 இல்லாதவற்றில் 3% மட்டும். நீரிழிவுச் சிறுநீரகச் சேதத்திலும் இதே போக்கு தெரிந்தது.

அப்புறம்தான் விரிசல். முதல் ஆயுள் சோதனையில் இருந்தவை சில பத்து எலிகள்தான், அதுவும் ஒரே வம்சம். 2014இல் வேறொரு வம்சத்தில், பெரிய எண்ணிக்கையில், வழக்கமான உணவிலும் குறைத்த உணவிலும் வளர்த்துப் பார்த்தபோது ஆயுளில் அந்தப் பெரிய ஏற்றம் இல்லை. 2011இல் வந்த இன்னொரு வேலை இந்த ஆய்வின் தலைப்புக்கே நேராக வருகிறது. பி66ஐ நீக்கிப் புதிதாக இன்னொரு எலி வரிசையை உருவாக்கி, பழைய வரிசையோடு ஒப்பிட்டார்கள். இரண்டிலும் இன்சுலினுக்குப் பதில் கூடியிருந்தது. ஆனால் பழைய வரிசையில், கொழுப்புத் திசுவில் மற்ற ஷிக் வடிவங்களின் அளவும் மாறிப்போயிருந்தது. 'பி66 மட்டும் இல்லாத எலி' என்று பத்தாண்டுக்கும் மேலாக எழுதப்பட்டது கொழுப்புத் திசுவைப் பொறுத்தவரை முழு உண்மை அல்ல. யார்மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. மூன்று புரதங்கள் ஒரே எக்ஸான்களை (எம்ஆர்என்ஏயில் தங்கும் மரபணுத் துண்டுகளை) பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில் கத்தி வைத்தால் பக்கத்தில் கீறல் விழாமல் இருப்பது கடினம்.

இத்தனை கெடுதல் செய்யும் பி66ஐ முதுகெலும்பிகள் ஏன் விட்டுவைத்தன என்ற கேள்விக்கு 2012இல் ஜார்ஜியோ குழுவே பதில் தேடியது. ஆய்வகக் கூண்டை விட்டு எலிகளை வெளியே எடுத்து, திறந்த பெரிய அடைப்பு ஒன்றில் ஓராண்டு விட்டார்கள். உணவுக்குப் போட்டி, குளிர்காலம், எல்லாம் உண்டு. பி66 இல்லாத எலிகள் அந்தக் கூட்டத்திலிருந்து வேகமாகக் கழிந்துபோயின. அவை கொழுப்பைச் சேமிக்கத் தெரியாதவை, உடல் வெப்பத்தைக் காப்பதில் பலவீனமானவை, இனப்பெருக்கத்திலும் பின்தங்கியவை. கூண்டுக்குள் ஒல்லியாக ஆரோக்கியமாக இருந்த அதே எலிகள்தான். இன்சுலின் செய்தியைக் கேட்டு கொழுப்பைச் சேர்த்து வைக்க உதவும் வேலையும் பி66க்கு இருந்திருக்கிறது. கூண்டில் அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மனிதர் பக்கம் ஒரு தகவல். 2005இல் நூறு வயதைத் தாண்டியவர்களின் தோல் ஃபைப்ரோபிளாஸ்ட்களில் பி66ஐ அளந்தபோது, அதிகமாக இருந்தது. 'ஆயுளைக் குறைக்கும் வடிவம்' என்று படித்தவர் குறைவாக இருக்கும் என்றுதான் பந்தயம் கட்டியிருப்பார். எலிக்கூண்டில் கிடைத்த பட்டப்பெயரை மனிதத் தோலுக்கு அப்படியே கொண்டு போக முடியாது.

பி46ஐப் பற்றி அதிகம் பேசாமல் வந்துவிட்டேன். ஆய்வுகளும் அப்படித்தான், பி52இன் நிழல் என்றே அதை நடத்திவிட்டன. மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளறையில் பி46 தனியாகத் தென்படுகிறது. கொழுப்பை எரிக்கும் நொதி ஒன்றை அது அடக்குவதாக 2016இல் காட்டப்பட்டது. மேலே சொன்ன கொழுப்புத் திசுக் கதையோடு இதைச் சேர்த்துப் பார்த்தால், பழைய எலிகளின் ஒல்லித்தனத்தில் பி66க்கு எவ்வளவு பங்கு, பி46க்கு எவ்வளவு பங்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

வேலை மேசையில்

இந்த மரபணுவில் கை வைப்பவர் கவனிக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. ஆன்டிபாடி எந்தப் பகுதிக்கு எதிராகச் செய்யப்பட்டது என்று முதலில் பார்க்க வேண்டும். எஸ்எச்2 பகுதிக்கு என்றால் மூன்று பட்டையும் வரும், சிஎச்2க்கு என்றால் பி66 மட்டும். பிளாட்டில் வடிவங்கள் உயரத்தால் பிரிவதால் முதல் வகையும் பயன்படும். ஆனால் செல்லைச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது உயரம் என்று ஒன்று கிடையாது. மூன்றும் ஒரே நிறத்தில் கலந்து தெரியும். அப்படிப்பட்ட படத்தை வைத்து "ஷிக் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கிறது" என்று எழுதினால் அது எந்த ஷிக் என்று யாராலும் சொல்ல முடியாது.

எம்ஆர்என்ஏயை அழிக்கும் சிறு ஆர்என்ஏவான எஸ்ஐஆர்என்ஏ வைத்து அடக்குவதிலும் இதே கதை. பொதுப் பகுதியைக் குறிவைத்தால் வளர்ச்சியைத் தூண்டுவதும் போகும், அடக்குவதும் போகும். எஞ்சும் விளைவு இரண்டின் கழித்தல் கணக்கு. சிஎச்2 பகுதியைக் குறிவைத்தால் பி66 மட்டும் போகும். டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் கருவியை வைத்து பி66க்கே உரிய பகுதியில் மூன்றெழுத்து வாசிப்புச் சட்டகத்தைக் குலைத்தால் பி66 மட்டும் அழியும், மற்ற இரண்டும் தங்கள் எம்ஆர்என்ஏயிலிருந்து வந்துகொண்டிருக்கும். அப்படியும் மூன்று பட்டையையும் பல திசுக்களில் பார்த்துவிடுவது நல்லது. 2011 வேலை எல்லோருக்கும் சேர்த்துத்தான் அந்தப் பாடத்தைப் படித்தது.

மிகச் சாதாரணமான தவறு, எந்த மரபணு எவ்வளவு படியெடுக்கப்பட்டது என்று காட்டும் ஆர்என்ஏ அட்டவணையில் நடக்கிறது. மரபணுவுக்கு ஒரு வரி, வரிக்கு ஓர் எண். எஸ்எச்சி1 சிகிச்சைக்கு முன் 100, பின் 200, ஆக இரண்டு மடங்கு என்று ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பு இருந்த 100இல் பி66இன் பங்கு 20, மற்ற எம்ஆர்என்ஏயின் பங்கு 80. இப்போதுள்ள 200, 20ம் 180ம் ஆக இருக்கலாம், 120ம் 80ம் ஆகவும் இருக்கலாம். முதலாவது என்றால் வளர்ச்சிச் செய்திக்கு ஆள் சேர்ந்திருக்கிறது. இரண்டாவது என்றால் வளர்ச்சிப் பக்கம் அப்படியே இருக்க, அழுத்தத்தில் சாகும் தயார்நிலை ஆறு மடங்கு ஏறியிருக்கக்கூடும். அட்டவணையில் இரண்டும் ஒரே எண்தான்.

சரிசெய்வது கடினமல்ல. மூலத் தரவு கையில் இருந்தால், இரண்டு எம்ஆர்என்ஏக்களும் பிரியும் முன்முனை எக்ஸான் சந்திப்புகளில் விழும் ஆர்என்ஏ வரிசைத் துண்டுகளை மட்டும் தனித்தனியே எண்ணலாம். பி52க்கும் பி46க்கும் இடையிலான பங்கீடு அதிலும் தெரியாது, அது ரைபோசோம் எடுக்கும் முடிவு. அதற்குப் பிளாட் போட்டே ஆகவேண்டும். அந்தப் பிளாட்டை வெளியிடும்போது, தயவுசெய்து, மூன்று பட்டையும் தெரியும்படி முழுவதுமாக வெட்டாமல் போடுங்கள்.